புகார் இல்லை என்று நான் எழுதிய அட்டைகள்

என் சகலை மேல் நான் நாலு வருஷமாக வஞ்சம் வைத்திருக்கிறேன். சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். மனவருத்தம், சின்னக் கசப்பு என்றெல்லாம் நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. வஞ்சம்தான். காலையில் பல் தேய்க்கும்போது அதையும் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கூராக்கி வைத்துக்கொள்வேன்.

அந்த ஆளிடம் நான் ஒரு ரகசியம் சொன்னேன். பஸ் நிலையத்து டீக்கடை ஓரமாக நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றேன். தலையே போனாலும் தன் வாயிலிருந்து வராது என்றார். தலை போகவில்லை. மூன்றே நாளில் விஷயம் மட்டும் மேனேஜர் மேசை வரைக்கும் போய்விட்டது.

நான் சொன்னது இவ்வளவுதான். என் மனைவிக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மாத்திரை கொடுத்திருக்கிறார், வேலை நேரத்தில் அவள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். அவளும் அவரும் ஒரே பஸ் நிலையத்தில் வேலை. அவள் மைக்கில் வண்டி அறிவிக்கிறவள். அவர் டைம் கீப்பர், எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது போனது என்று எழுதி விசில் ஊதுகிறவர். பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் என்று நம்பிச் சொன்னேன். கண் வைத்தார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மேல் வைத்தார்.

நாலாம் நாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை மைக்கில் வைக்க முடியாது, எதையாவது மாற்றிச் சொல்லிக் கூட்டம் நெரிந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, தொலைந்த பொருள் அறைக்கு மாற்றிவிட்டார். அடுத்த மாதம் அந்த மைக்குக்கு முன்னால் என் சகலையின் மருமகள் உட்கார்ந்தாள்.

மேனேஜருக்கு எப்படித் தெரிந்தது என்று என் மனைவி கேட்கவே இல்லை. தன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில் பாதி, என் வாய் மேல் இருந்த ஆத்திரம். அதை வெளியே சொல்ல நாலு வருஷமாக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இதை எழுதும்போது அவள் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். இன்றோடு ஒன்பது நாள். முதல் பத்து நாள் பார்க்க விடமாட்டார்கள், ஃபோனும் கிடையாது. வீட்டில் நான் மட்டும். தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாவிட்டால் என் வயிறு ஏன் எரிகிறது என்று யாருக்கும் விளங்காது.

இருபத்திரண்டு வருஷம் மைக்கில் இருந்தவள். ஆறு நடைமேடைக்கும் அவள் குரல்தான். பஸ் நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, மைக்கக்கா என்பார்கள். குரல் தேன் என்று சொன்னால் அது பொய். தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி இருக்கும், ஆனால் ஒரு எழுத்து சிதறாது. கண்ணெதிரே வண்டியை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நிற்பவனைப் பார்த்தால் சும்மா விடமாட்டாள். "நீலச் சட்டை போட்டவர் கவனத்துக்கு. போனது போச்சு. அடுத்த வண்டி இருபது நிமிடத்தில். உட்காருங்கள்" என்பாள். அதற்காக இரண்டு மெமோ வாங்கியிருக்கிறாள். இரண்டையும் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்று கேட்டாள்.

பழி வாங்குவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. திட்ட மாட்டாள், சண்டை போட மாட்டாள். காத்திருப்பாள். ஒருமுறை ஒரு கண்டக்டர், முப்பது வயசுப் பையன், அவள் காதுபடவே, காக்கா கரையுது என்று சொல்லிவிட்டான். இவள் கேட்காத மாதிரி போய்விட்டாள். அடுத்த நாளிலிருந்து ஒன்பது நாள், அவன் வண்டி வந்து நிற்கும் நேரம் பார்த்து, மரியாதை குறையாமல் ஓர் அறிவிப்பு: "நாலாம் நடைமேடை நடத்துநர் கவனத்திற்கு. தாங்கள் மறந்து வைத்த பல்செட் அலுவலகத்தில் பத்திரமாக உள்ளது. அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்." அவனுக்கு முப்பத்திரண்டும் சொந்தப் பல். பத்தாம் நாள் மேலே ஏறி வந்து கும்பிட்டான். அப்புறம் அவனே அவளுக்குத் தினமும் டீ கொண்டுவந்து வைப்பான்.

எனக்கும் கிடைத்திருக்கிறது. கல்யாணமான புதிதில் அவள் சமையலைப் பற்றி என் அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சட்டைகள் எல்லாவற்றிலும் மேலிருந்து ஐந்தாவது பொத்தானை மட்டும் வெட்டி எடுத்துவிட்டாள். ஒரு மாதம் தொப்புளைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். முப்பதாம் நாள் பொத்தான்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து, ஊசியையும் நூலையும் கொடுத்து, "நீங்களே தைங்க" என்றாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அந்தக் கையெழுத்துதான் பிறகு கெடுத்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு நோய் வந்ததும் எல்லாரும் ஓடி வந்து அதுதான் காரணம் என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சை நாங்கள் பேசி அழுது முடித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. டாக்டரே, காரணம் என்று ஒன்று இருக்க வேண்டியதில்லை என்றார். சொந்தக்காரர்களுக்கு மட்டும் காரணம் இல்லாமல் டீ இறங்கவில்லை.

முதலில் சீப்பு. தலை வார உட்கார்ந்தாள் என்றால் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அப்படியே இருப்பாள். பிறகு சாப்பாடு குறைந்தது. பிறகு பேச்சு. ஒருநாள் மைக்கைப் போட்டிருக்கிறாள், பேசவில்லை. ஆறு நடைமேடையிலும் அவள் மூச்சு மட்டும் கேட்டிருக்கிறது. ஜனங்கள் எல்லாம் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். என் சகலைதான் ஓடிப்போய் மைக்கை அணைத்தார். அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் அவர் கையைப் பிடித்தது.

டாக்டர் நல்ல மாத்திரைதான் கொடுத்தார். ஆறு மாதத்தில் தூங்கினாள், சாப்பிட்டாள், குளித்தாள், தொலைந்த பொருள் அறைக்குப் போய்வந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. லிஃப்டுக்கு மேலே மெஷின் ரூம் என்று ஓர் அறை இருக்கும். அங்கே ஓர் அட்டை தொங்கும். மாதம் ஒருமுறை போகிறவன் அதில் எழுத வேண்டும். சத்தம் வந்தால் சத்தம் என்று எழுதுவோம், அதிர்ந்தால் அதிர்வு என்று எழுதுவோம், ஒன்றும் இல்லை என்றால் புகார் இல்லை. புகார் இல்லை என்று இருந்தால் மெஷின் மூடியைக் கழற்ற மாட்டோம். எண்ணெய் பார்ப்போம், கையெழுத்துப் போடுவோம், இறங்கிவிடுவோம். ஓடுகிற மெஷினைக் கழற்றினால்தான் வம்பு என்பது எங்கள் ஆட்களுக்கு வேதம்.

அதே மாதிரி ஓர் அட்டையைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். தூக்கம், சாப்பாடு, மாத்திரை, புகார் என்று நாலு கட்டம். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அவளைக் கேட்பேன்.

"ஏதாவது புகார் உண்டா?"

"ஒண்ணும் இல்லைங்க."

எழுதிவிடுவேன். மாதக் கடைசியில் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவோம். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பார், அட்டையைப் பார்ப்பார், "பிரமாதம், இப்படி ஒரு கணவர் எல்லாருக்கும் கிடைக்கணும்" என்பார், அதே மாத்திரையை எழுதுவார். நாலு நிமிஷம். நானும் அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் போனது.

அந்த மூன்று வருஷமும் நான் சகலையைச் சும்மா விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் வீடு ஏழு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்கள் கம்பெனி பராமரிப்பு. அதாவது என் பராமரிப்பு. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது, ஆகவே நாலாவது மாடியில் இறங்குகிற குடும்பம் அவர் குடும்பம் ஒன்றுதான். எனக்குக் கை அரித்தது. ஒரு சர்வீஸ் நாளில், நாலாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் இரண்டு விரல் உயர்ந்து நிற்கிற மாதிரி வைத்துவிட்டு வந்தேன். மற்ற எல்லா மாடியிலும் கச்சிதமாக நிற்கும். அவர் வாசலில் மட்டும் இரண்டு விரல் பள்ளம்.

தொழிலுக்குச் செய்த துரோகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு நிம்மதி எனக்குப் பல வருஷமாகக் கிடைத்ததில்லை. மனுஷர் தினமும் காலை இடித்துக்கொண்டார். விசில் ஊதிப் பழகிய ஆள், சத்தமில்லாமல் வலியை விழுங்கத் தெரியாது. ஒருநாள் இரண்டு டஜன் முட்டையோடு வெளியே வந்து விழுந்தார், முட்டை வாசல் வரைக்கும் போனது. புகார் வந்தது. நானே போனேன். கதவைத் திறந்தேன், டார்ச் அடித்தேன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன்:

"லிஃப்ட்ல ஒண்ணும் இல்லை சகலை. கட்டடம்தான் இறங்குது."

"நாலாவது மாடி மட்டும் எப்படிய்யா இறங்கும்?"

"அதான் எனக்கும் கவலையா இருக்கு."

அந்த மனுஷர் ஒரு இன்ஜினீயரைக் கூட்டிவந்து சுவரெல்லாம் தட்டிப் பார்க்க வைத்தார். படுக்கையறையில் இருந்த இரும்பு அலமாரியைப் பாரம் அதிகம் என்று தம்பி வீட்டுக்கு அனுப்பினார்.

இதை அவளிடம் சொல்லாமல் எட்டு மாதம் பத்திரமாக வைத்திருந்தேன். அவளுக்கு ஒரு நல்ல நாளில் கொடுக்க வேண்டிய பரிசு மாதிரி. அந்த அத்தானை அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பிடிக்காது. அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவாள், விசிலை வாயில் வைத்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி நடித்துக் காட்டுவாள். முட்டைக் கதையைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள், நாலு தடவை திரும்பச் சொல்லச் சொல்வாள் என்று கணித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்து, நன்றாக இழுத்து இழுத்துச் சொன்னேன். இன்ஜினீயர் வரைக்கும் சொன்னேன்.

அவள் கை கழுவிக்கொண்டே கேட்டாள். குழாயை மூடினாள்.

"பாவம், வயசானவரு. சரி பண்ணிடுங்க" என்றாள்.

அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் சர்வீஸில் ஒருமுறை, ஓடிக்கொண்டிருந்த லிஃப்டின் இரும்புக் கயிறு என் தலைக்கு மேலே பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. இந்தப் பெண் அந்த ஆளைப் பாவம் என்று சொல்லுகிறவள் இல்லை. மன்னித்துச் சொன்னாலும் பரவாயில்லை, மன்னிக்கிறவள் குரலில் கொஞ்சம் பெருமையாவது இருக்கும். அவள் குரலில் ஒன்றுமே இல்லை. எந்த மாடியிலும் நிற்காமல் போகிற காலி லிஃப்ட் மாதிரி இருந்தது.

மறுநாளே போய் அந்த மட்டத்தைச் சரி செய்தேன். சகலைக்காக இல்லை. அவள் கேட்டு நான் செய்யாமல் விட்டது என்று ஒன்று இருக்கக்கூடாது என்று ஒரு பயம்.

பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன். நல்ல செருப்பைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்திருந்தாள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். தண்ணீர் பில் எங்கே, என் ரத்த அழுத்த மாத்திரை எங்கே என்று எனக்காக ஒரு தாளில் எழுதி அலமாரிக்குள் ஒட்டியிருந்தாள். கேட்டதற்கு, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே, அதான்" என்றாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் அட்டையைப் பார்த்தேன். தூக்கம் சரி, சாப்பாடு சரி, மாத்திரை சரி. புகார் இல்லை. என் அழகான கையெழுத்து.

அவளைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு நேராக டாக்டரிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். மூன்று வருஷமா ஒரே மாத்திரை, ஒரு தடவையாவது அவளிடம் ரெண்டு வார்த்தை கேட்டீங்களா என்று மேசையைத் தட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஃபைலை எடுத்தார், என் அட்டைகளை வரிசையாக எடுத்து என் முன்னால் வைத்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"நான் இதை நம்பித்தானே வைத்தியம் பண்ணேன்?"

ஆயிரம் மெஷின் ரூமில் நான் செய்ததைத்தான் அந்த ஆள் செய்திருக்கிறார். அட்டையைப் பார்த்தார், மூடியைத் திறக்கவில்லை. ஆனாலும் அவரை நான் விடுவதாக இல்லை. அட்டை பொய் சொல்லலாம், அவள் முகம் எதிரிலேயே இருந்ததே. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் கொடுங்கள், கொடுக்கிற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அடுத்த நோயாளி உள்ளே வந்து நின்றார், அவருக்கு அடுத்தவரும் வந்து எட்டிப் பார்த்தார். நான் அசையவில்லை. கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு கடிதம் எழுதினார். அவசரம் என்று எழுதச் சொல்லி, அதையும் எழுத வைத்தேன்.

கடிதம் கிடைத்தது, ஆள் வர மறுத்தாள். உங்களை எவ்வளவு படுத்துவது, போதும் என்றாள். அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. நான் வேலைக்கு லீவு போட்டேன். மாத்திரை டப்பாவை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அட்டையைக் கழற்றி அவள் முன்னாலேயே கிழித்தேன். இனிமேல் புகார் இல்லை என்ற வார்த்தையே இந்த வீட்டில் கிடையாது, தினமும் ஒரு புகார் சொல்லியே ஆகணும், சொல்லாவிட்டால் நான் சாப்பிட மாட்டேன் என்றேன். முதல் நாள் இரண்டு பேரும் பட்டினி. இரண்டாம் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"எழுதறப்ப உதட்டைக் கடிச்சுக்கறீங்க. சகிக்கலை."

ஒரு தாளில் எழுதிக்கொண்டேன், உதட்டைக் கடித்துக்கொண்டே. மூன்றாம் நாள், பழைய டாக்டர் மேல் வீசுகிற புதினா மிட்டாய் வாசனை குமட்டுகிறது என்றாள். நாலாம் நாள், தொலைந்த பொருள் அறையில் நாற்பது குடையும் ஒற்றைச் செருப்புகளும் இருக்கின்றன, ஒருத்தரும் தேடி வருவதில்லை, அவற்றோடு தன்னையும் போட்டுப் பூட்டிவிட்டார்கள் என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவ்வளவு நீளமாகப் பேசினாள். ஐந்தாம் நாள் காலை, நான் கேட்கும் முன்னால் அவளே சொன்னாள்.

"கண்ணு முழிக்கறப்ப, ஏன்டா முழிச்சோம்னு இருக்குங்க. தினமும்."

அதையும் எழுதினேன். அந்த ஒரு வரி மட்டும் என் கையெழுத்து மாதிரியே இல்லை. அன்றைக்கே கிளம்பினோம். அவள் மறுக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவர். நான் புகார் எழுதிய தாளைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்ததும், நீங்கள் கொஞ்சம் பேசாமல் உட்காருங்கள், அவர் சொல்லட்டும் என்றார். ஐம்பது நிமிஷம். நடுவில், செத்துப்போகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, இப்படியா கேட்பது என்று. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, தோன்றியது, ஒரு வருஷமாகவே என்றாள். ஒரே கட்டிலில் படுத்த நான் அதை அந்த நாற்காலியில்தான் கேட்டேன்.

டாக்டர் பதறவில்லை. இந்த நோயில் அப்படித் தோன்றும், இது சரியாகக்கூடியது, பழைய மாத்திரை ஓரளவுக்கு மேல் வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும் என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் பேசுவதற்கென்றே ஒருவர் இருப்பார், மாத்திரையோடு அதுவும் வேண்டும், முதலில் மூன்று வாரம் உள்ளே இருந்தால் பத்திரம் என்றார். வெளியே தெரியுமா என்று இவள் கேட்டாள். நீங்கள் சொன்னால் தெரியும் என்றார் அவர். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படுக்கை காலியாக ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் நான் அவளை விட்டு ஒரு அறை தள்ளிக்கூட இருக்கவில்லை. ஐந்தாம் நாள் அவளே ஃபோனை எடுத்து அக்காவிடம் சொன்னாள்: மூணு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கப்போறேன், மனசுக்கு வைத்தியம். அக்கா அழுதிருக்கிறாள். சகலை அழவில்லை, மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். சட்டைப் பையில் விசில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில் லிஃப்டுக்காக நின்றோம். அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இங்கே பெயர் பதிந்தால் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொள்ளும், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், நாலு நாள் எங்கள் வீட்டில் இருக்கட்டும், நான் பேசிச் சரி பண்ணுகிறேன் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று பார்த்தேன். ஐந்தில் இருந்தது. நான் பேசவில்லை என்றதும் அவள் பக்கம் திரும்பினார்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். அன்னிக்கு மேனேஜர்கிட்ட சொன்னதும் உன் நல்லதுக்குத்தான். உன் வீட்டுக்காரரு வந்து என் கையைப் பிடிச்சு, அழாத குறையா எல்லாத்தையும் சொல்றாரு. கேட்டுட்டு நான் சும்மா இருக்க முடியுமா?"

என் கை அவர் சட்டைக் காலரில் இருந்தது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. நாலு வருஷம் காத்திருந்த கை, என்னைக் கேட்கவில்லை. அவர் முதுகு சுவரில் மோதியது, காவலாளி எழுந்தார்.

"கையை எடுங்க."

மைக் குரல். அந்தத் தகரக் கூரைக் குரல். மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எடுத்துவிட்டேன்.

அவள் என் எதிரே வந்து நின்றாள்.

"நீங்களா சொன்னீங்க இவர்கிட்ட?"

"ஆமா. நான்தான்."

"எப்போ?"

"நீ மைக்குல பேசாம இருந்தியே, அன்னிக்குச் சாயங்காலம்."

"நாலு வருஷமா எனக்குச் சொல்லலை."

"சொல்லலை."

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். திரும்பி வீட்டுக்கு நடக்கப்போகிறாள், படுக்கை வேறு யாருக்கோ போகப்போகிறது, வீட்டுக்குப் போன பிறகு என்ன என்று யோசிக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள், காலரைச் சரி செய்துகொண்டிருந்த அத்தானைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். அவள் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. பல்செட் அறிவித்த காலத்துக்கு அப்புறம் அந்தச் சிவப்பை நான் பார்த்ததில்லை.

லிஃப்ட் வந்தது. அவளே ஏறினாள், அவளே மூன்றை அழுத்தினாள். சகலையும் ஏற வந்தார். "நீங்க இங்கேயே இருங்க அத்தான்" என்றாள். கதவு அவர் முகத்துக்கு முன்னால் மூடிக்கொண்டது. பையை என் கையில் கொடுக்காமல் அவளே பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது மாடியில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு மேல் நான் வரக்கூடாது என்று நர்ஸ் சொன்னார். பையை வாங்கிக்கொண்டார், ஃபோனை வாங்கிக்கொண்டார், எங்கே கையெழுத்து என்று காட்டினார். என் மனைவி போட்டாள். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினாள். போய்ட்டு வர்றேன் என்று சொல்வாள் என்று நின்றேன்.

"அத்தான் மேல நீங்க கை வைக்கக்கூடாது. அவர் எனக்கு வேணும். நான் வெளியே வந்து பார்த்துக்கறேன், உங்களையும் சேர்த்துத்தான். அதுவரைக்கும் அவரை நல்லபடியா வச்சுக்குங்க. காய்ச்சல் கீய்ச்சல்னா நீங்களே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் வர்றப்ப மனுஷன் திடமா இருக்கணும்."